மழ பெஞ்சா?

ஒரு பெண் தர மறுத்த ஒப்புதலை, அவர் ஊரில் இல்லாத நாளில், அவர் பெயரிலேயே நான் போட்டேன். அது தப்பாகப் போனபோது பழியையும் அவர் தலையிலேயே போட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்தால், நடுவில் எங்காவது என்னை நல்லவனாகக் காட்டிக்கொண்டுவிடுவேன். எழுபது தாண்டியவனுக்கு அந்தத் திறமை தானாக வந்துவிடுகிறது.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. கேட்காமல் அவர் பெயரை ஒருமுறை பயன்படுத்தியது போதும். எங்கள் அலுவலகத்துப் பிள்ளைகள் அவரை மழையக்கா என்பார்கள்.

சென்னையில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றபின் சொந்த ஊரான கோவில்பட்டிக்கு வந்து, ஓர் உரக்கடை மாடியில் சின்னதாக மென்பொருள் நிறுவனம் தொடங்கினேன். தீப்பெட்டி ஆபீஸ், கடலைமிட்டாய்க் கடை, லாரி புக்கிங், தானிய மண்டி இவற்றுக்கெல்லாம் பில் போடவும் இருப்புப் பார்க்கவும் புரோகிராம் எழுதிக் கொடுப்போம். எழுத நாலைந்து பிள்ளைகள் இருந்தார்கள். எழுதியதைச் சோதித்துப் பார்க்க ஆள் இல்லை. அந்த வேலையை வாடிக்கையாளர்களே செய்தார்கள். முடிவைப் போனில் சத்தம் போட்டுச் சொன்னார்கள். காலையில் போன் மணி அடித்தாலே நான் குளியலறைக்குள் போய்விடுவேன். அதனால்தான் சோதனைக்கென்று ஓர் ஆளை எடுக்கத் தீர்மானித்தேன்.

நேர்காணலுக்கு அவர் குடையோடு வந்தார். சித்திரை மாதம். புதூர்ப் பக்கத்துக் கிராமம், கணினியில் பட்டம், முப்பதைத் தாண்டிய வயது. நான் காட்டிய நாற்காலியில் உட்காரவில்லை. இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டினார். அது கிரீச்சிட்டது. பக்கத்து நாற்காலியை ஆட்டிப் பார்த்து அதில் உட்கார்ந்தார்.

"டெஸ்டிங்னா என்னம்மா? புஸ்தகத்துல இருக்குறது வேண்டாம், உங்க வார்த்தையில சொல்லுங்க" என்றேன்.

"எங்க ஊர்ப்பக்கம் மழ பெய்யலன்னா என்ன செய்யன்னுதான் சார் எல்லாரும் யோசிப்பாவ. பெஞ்சா என்ன செய்யன்னு ஒருத்தரும் யோசிக்க மாட்டாவ. பெஞ்ச அன்னைக்குத்தான் கூரை ஒழுகுதது தெரியும். களத்துல வத்தல் காயுதது ஞாபகம் வரும். அதுக்கு முந்தின நாளே போயி மழ பெஞ்சான்னு கேக்குததுதான் டெஸ்டிங்."

"கோவில்பட்டியில குடை எதுக்கும்மா?"

"வெயிலுக்கு விரிச்சிக்கிடுவேன் சார். ஆனா வாங்குனது மழைக்கு."

வேலை கொடுத்தேன். கிரீச்சிட்ட நாற்காலியை மாற்றவில்லை. அந்த வாரமே என் சம்பந்தி வந்து அதில் உட்கார்ந்து தரையைத் தொட்டார்.

அவருக்கு எதையும் நம்பும் பழக்கம் இல்லை. டீக்கடையில் கிளாசை நகத்தால் தட்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் வாயில் வைப்பார். மாடிப்படிக் கைப்பிடியை ஒருமுறை உலுக்காமல் ஏற மாட்டார். என் தம்பி மகள் கல்யாணத்துக்கு அழைத்திருந்தேன். மண்டப வாசலில் பூ அலங்கார வளைவு நின்றது. உள்ளே வருமுன் அதன் காலைப் பிடித்து ஆட்டினார். பெண், மாப்பிள்ளை பெயர்களோடு வளைவு முழுவதும் மேளக்காரர் தவில் மேல் சாய்ந்தது. கூட்டமே திரும்பிப் பார்த்தது. அவர் முகத்தில் வெட்கம் துளியும் இல்லை.

"இப்ப விழுந்ததே நல்லது சார். மாப்பிள்ள வாறப்ப விழுந்திருந்தா?"

மாப்பிள்ளையை அன்று பின்வாசல் வழியாகக் கூட்டிவந்தோம். இப்போதும் தம்பி வீட்டில் அந்தப் பேச்சு வந்தால் என்னைத்தான் பார்ப்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், எல்லோரும் இருக்கும்போதே, "சார், உங்க பாஸ்வேர்டு உங்க பேரன் பேரு, பின்னால ஒண்ணு ரெண்டு மூணு. சரிதான?" என்றார். பிள்ளைகள் கணினித் திரைக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டார்கள். மாற்றிவிடுகிறேன் என்றேன். மாற்றவில்லை. அதற்குப் பதிலாக, எல்லோரும் தத்தம் பாஸ்வேர்டை என்னிடம் சொல்லிவைக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டேன். முதலாளி புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

அதுவரை எங்கள் முறை எளிமையானது. புரோகிராம் எழுதியவனே அதை ஒருதடவை ஓட்டிப் பார்த்து "ஓடுது சார்" என்பான். நான் கொடுத்தனுப்புவேன். அவர் வந்ததும் அதை நிறுத்தினார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் தன் இடத்தில் உட்காரக் கூடாது. அடுத்தவர் இடத்தில் உட்கார்ந்து, அவர் எழுதியதை வரிவரியாகப் படித்து, எப்படியாவது அதைக் கெடுக்க வேண்டும்.

எங்களிடம் செண்பகராஜ் என்று ஒரு பையன் இருந்தான். எல்லோரிலும் வேகமாக எழுதுவான். அவனுக்கு ரோசம் வந்துவிட்டது.

"அக்கா, என் புரோகிராம் நல்லாத்தான ஓடுது? அத எதுக்கு இன்னொருத்தன் நோண்டணும்?"

"ஓடும்லே. நீ தொட்டா ஓடும். வளத்தவன் கூப்பிட்டா ஆடு வராமலா இருக்கும்? அடுத்தவன் கூப்பிட்டா வருதான்னு பாப்போம்."

சொல்லிவிட்டு அவன் கீபோர்டின் மேல் முழங்கையை ஊன்றி நன்றாக அழுத்தினார். திரை அப்படியே உறைந்து நின்றது.

"யாருக்கா முழங்கைய வச்சி பில்லு போடுவா?"

"கடைக்காரரு பிள்ளைய மடியில வச்சிக்கிட்டு உக்காருவாரு. அது ரெண்டு கையாலயும் அடிக்கும். அப்பம் மழ பெஞ்ச மாதிரிதான?"

இன்னொரு விதியும் கொண்டுவந்தார். எங்காவது பிழை வந்தால் அலுவலகத்தில் "யாரு செஞ்சது?" என்று கேட்கக் கூடாது. "எப்படி நடந்துச்சு?" என்று மட்டுமே கேட்கலாம். "யாருன்னு கேட்டா எல்லாவனும் ஒளிவான் சார். எப்படின்னு கேட்டா அவனே வந்து சொல்லுவான்." எனக்கு அது செல்லம் கொடுப்பதாகப் பட்டது. ஆனால் இரண்டு மாதம் போவதற்குள் செண்பகராஜே எழுந்து நின்று, "அக்கா, நேத்து நான் ஒரு எடத்துல சொதப்பிருக்கேன், வந்து பாருங்க" என்றான். அப்படி ஒரு வாக்கியத்தை வங்கியில் இருந்த காலம் முழுவதும் நான் கேட்டதில்லை.

மூன்றாவது விதிதான் அவருக்கு உயிர். எந்தப் புரோகிராமும் அவர் பார்த்து, கணினியில் தன் பெயரில் "சரி" என்று அழுத்திய பிறகே வெளியே போக வேண்டும். "எனக்குன்னு இருக்குதது அந்தச் சரி ஒண்ணுதான் சார். கேட்டவுடன குடுத்தா அதுக்கு மதிப்பில்ல" என்பார்.

அவர் சொன்னதெல்லாம் நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கடலைமிட்டாய்க் கடைக்குத் தீபாவளிக்கு முன் பில் போடும் புரோகிராம் தர வேண்டியிருந்தது. பாதி பில்லில் கரெண்டு போனால் என்ன ஆகும் என்று கேட்டு, அதை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொண்டார். கடையில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்றேன். இன்வெர்ட்டர் போனால் என்றார். ஜெனரேட்டரும் இருக்கிறது என்றேன். டீசல் தீர்ந்தால் என்றார். தீபாவளியே தீர்ந்தது. கடைக்காரர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அந்தக் கடையில் இன்றுவரை பாதி பில்லில் கரெண்டு போனதாக நான் கேள்விப்படவில்லை. அன்று அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். "போனா கேள்விப்படுவீங்க சார்" என்றார்.

ஆனாலும் காலை போன்கள் குறைந்தன. நான் நிதானமாகக் குளிக்கத் தொடங்கினேன்.

இப்போது எடைமேடைக்கு வருகிறேன்.

மக்காச்சோளம் வாங்கும் பெரிய மண்டி ஒன்றின் அண்ணாச்சி புதிதாக எடைமேடை போட்டார். பாரத்தோடு டிராக்டர் ஏறும்போது ஓர் எடை. சோளத்தை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஏறும்போது இன்னோர் எடை. கழித்தால் வருவது சோளம். இந்த இரண்டாவது எடைக்காக வண்டிகள் ரோடு வரை காத்து நிற்கும். அண்ணாச்சி ஒரு யோசனை சொன்னார்.

"வெறும் வண்டி எட என்ன சார், நாளுக்கு நாள் மாறவா போகுது? ஒருதடவ எடுத்து உள்ள வச்சிக்கிடுங்க. அடுத்த நட வண்டி நம்பரப் போட்டதும் அதுவே கழிச்சிக்கிடட்டும்."

எனக்கு அது அற்புதமான யோசனையாகத் தெரிந்தது. செண்பகராஜ் ஒரே நாளில் எழுதிவிட்டான். மழையக்கா பார்த்தார்.

"மழ பெஞ்சா?"

"தை மாசத்துல எங்கம்மா மழ?"

"பெஞ்சா சார். ஈரக் கரிசக்காட்டுக்குள்ள இருந்து வாற டிராக்டரப் பாத்திருக்கீங்களா? சக்கரம் கண்ணுக்குத் தெரியாது. மண்ணுதான் உருண்டு வரும். வெறும் வண்டிக்குக் காஞ்ச எடையக் கழிச்சா, அந்த மண்ணும் சோளக் கணக்குலதான விழும்? ரெண்டு நாள் குடுங்க. ஈரத்துல வாற வண்டிய ரெண்டாவது தடவையும் ஏத்தச் சொல்லுத மாதிரி மாத்திருவோம்."

வெள்ளிக்கிழமை எடைமேடைக்குப் பூசை. அண்ணாச்சி மற்ற மண்டிக்காரர்களையும் அழைத்திருந்தார். அவர்கள் முன்னால் இது ஓடினால் அந்த வட்டாரம் முழுவதும் என்னிடம் வந்துவிடும். மழையக்கா "சரி" போட மறுத்துவிட்டு, அக்காள் பிள்ளைக்குக் காதுகுத்து என்று வியாழக்கிழமையே ஊருக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை காலை அவர் இடத்தில் உட்கார்ந்து, அவர் பாஸ்வேர்டைப் போட்டு, அவர் பெயரில் "சரி"யை அழுத்தினேன். கை நடுங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை. பிறகு போய்ப் பூசையில் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டேன்.

அவர் திரும்பி வந்து கேட்டபோது, "பழைய மாதிரி ரெண்டு எடையும்தான் போடுதாங்க, குறுக்குவழிய அப்புறம் பாத்துக்கிடலாம்" என்றேன். என்னை மட்டும் அவர் ஆட்டிப் பார்க்காமல் நம்பினார்.

அடுத்த வாரமே பெய்தது. இரண்டு நாள் விடாத மழை. பிள்ளைகள் மழையக்காவைச் சுற்றி நின்று கைதட்டினார்கள். அவர் மாடிப்படியில் குடையை விரித்துக்கொண்டு, சொந்தக்காரர் வந்ததுபோல் மழையைப் பார்த்து நின்றார். எனக்கு மட்டும் எடைமேடை ஞாபகம் வந்தது. ஆனாலும் அண்ணாச்சிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லவில்லை.

சேற்றோடு ஏறிய முதல் டிராக்டர்காரருக்குச் சீட்டைப் பார்த்ததும் விஷயம் புரிந்திருக்கிறது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. தன் ஊருக்கு மட்டும் சொன்னார். அந்த ஊர் மற்ற ஊர்களுக்கு மட்டும் சொன்னது. மழை விட்ட பிறகும் ஒரு டிராக்டர்கூடத் தார் ரோட்டில் வரவில்லை. ரோட்டோரத்து ஊர்க்காரர் ஒருவர் கண்மாய்க்குள் இறங்கிச் சேற்றில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்தாராம். இந்த வருஷம் நல்ல விளைச்சல் என்று அண்ணாச்சி சந்தோஷமாக இருந்திருக்கிறார். சோளத்தை மூட்டை பிடித்து வெளியூருக்கு அனுப்பும்போதுதான், எடைக் கணக்கில் இருந்த அளவு வருமுன்பே குவியல் தீர்ந்தது.

நேரே எங்கள் மாடிக்கு வந்தார்.

"சார்! நான் சோளம் வாங்குனேனா, சோளக்காட்ட வாங்குனேனா? மண்டி வாசல்ல கெடக்குத மண்ண அள்ளிப் பரத்துனா ஒரு ஏக்கரு வெவசாயம் பாக்கலாம். அம்புட்டும் நான் வெல குடுத்து வாங்குன மண்ணு! இதப் பாத்துச் சரின்னு சொன்னது யாரு?"

மழையக்கா எழுந்தார். "அண்ணாச்சி, யாருன்னு கேக்காதீங்க. எப்படி நடந்துச்சுன்னு பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே கணினியில் எடைமேடைக்கு ஒப்புதல் பதிவான பக்கத்தைத் திறந்தார். அங்கே அவர் பெயர் இருந்தது.

பெயருக்கு நேரே விரலை வைத்தார்.

"எம் பேரு இருக்கு. ஆனா நான் போடல."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "சிஸ்டத்துல உங்க பேருதானம்மா இருக்கு."

"ஊருக்கெல்லாம் மழ பெஞ்சா மழ பெஞ்சான்னு கேட்ட ஆளு, பெஞ்ச மழையில கோட்ட விட்டுட்டியே தாயி!" என்றார் அண்ணாச்சி.

மழையக்கா என் பக்கம் திரும்பி, "சார், எப்படி நடந்துச்சு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. வழக்கமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டார். நான் மேசையைப் பார்த்தேன். அவர் பையை எடுத்துக்கொண்டார். வெளியே மறுபடி தூறிக்கொண்டிருந்தது. குடையை விரித்து, கம்பியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

அண்ணாச்சி அந்தக் கதையை மண்டி மண்டியாகச் சொன்னார். நல்ல கதை, மழைக்காரி மழையில் ஏமாந்த கதை. ஊரில் வேறு எங்கும் அவருக்குச் சோதிக்கும் வேலை கிடைக்கவில்லை. அவர் "சரி" என்றால் சிரிப்பார்கள் என்று ஆகிவிட்டது.

சில வருடங்கள் இப்படிப் போயின. போன வருடம் எனக்கு இருதயத்தில் ஒரு சோதனை செய்தார்கள். படுக்கையில் கிடந்தபோது டாக்டர், "எல்லாம் சரியா இருக்கு" என்றார். "யாரு பாத்துச் சரின்னு சொன்னது?" என்று என் வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை. விசாரித்தேன். மழையக்கா புதூரில் ஓர் இ-சேவை மையத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். பஸ் ஏறிப் போனேன்.

வரிசை இருந்தது. எனக்கு முன்னால் ஒரு பெரியவர்.

"ஏம்மா, சட்டுன்னு அமுக்கி விடேன். பஸ்ஸு போயிரும்."

"அமுக்கிருவேன். ஆதார்ல ஒரு பேரு வச்சிருக்கீரு, ரேஷன் கார்டுல ஒரு பேரு வச்சிருக்கீரு. திருப்பி அனுப்புனா மறுபடியும் பஸ்ஸு ஏறி வருவீரா? வெத்தலையத் துப்பிட்டு வந்து நில்லும், சொல்லுதேன்."

என் முறை வந்தது. அவர் ஆச்சரியப்படவில்லை.

"வாங்க சார். என்ன சர்டிபிகேட்டு?"

"மன்னிப்பு கேக்க வந்தேன்மா."

"அதுக்கு இங்கன விண்ணப்பம் கெடையாது சார்."

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். நான் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்: "அன்னைக்கு உங்க பேருல சரி போட்டது நான்தாம்மா."

"அது அன்னைக்கே தெரியும் சார். எப்படி நடந்துச்சு?"

சொன்னேன். பூசை, மற்ற மண்டிக்காரர்கள், பாஸ்வேர்டு, சர்க்கரைப் பொங்கல் எல்லாம். வரிசை அமைதியாகக் கேட்டது. பஸ்ஸை விட்ட பெரியவர் மிக அக்கறையாகக் கேட்டார்.

"சரி. அதுக்கப்புறம் எத மாத்தியிருக்கீங்க?"

"மனசார வருத்தப்படுதேன்மா."

"அது நல்லது சார். எத மாத்தியிருக்கீங்க? இன்னைக்கு நீங்க நெனச்சா செண்பகராஜ் பேருல சரி போடலாமா, முடியாதா?"

யோசித்தேன். போடலாம்.

"அப்பம் இன்னும் சரியாகல. அடுத்து யாரு, வாங்க."

ஊருக்குத் திரும்பியதும் முதலில் அண்ணாச்சியிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர், "இத்தன வருசமா ஒரு நல்ல பிள்ளையத் தப்பாப் பேச வச்சிட்டீரே சார்" என்றார். பொய்யைச் சொன்ன அதே உற்சாகத்தோடு உண்மையையும் மண்டி மண்டியாகச் சொன்னார். இப்போது டீக்கடையில் எனக்குப் பெயர் மண்ணு சார். "மண்ணு சாருக்கு ஒரு டீ, சீனி கம்மி" என்று சத்தமாகவே சொல்கிறார்கள்.

பிறகு அலுவலகத்தில் கைரேகைக் கருவி வாங்கி வைத்தேன். அவரவர் விரலை வைத்தால்தான் அவரவர் பெயரில் "சரி" விழும். முதலாளியாக இருந்தாலும் அடுத்தவர் பெயரைத் தொட முடியாது. மழையக்காவுக்குப் போன் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கைப்பிடியை உலுக்கிவிட்டுத்தான் மாடி ஏறினார்.

என் இடத்தில் உட்கார்ந்தார். "ஒங்க விரல வைங்க சார்." வைத்தேன்; திறந்தது. நான் நிமிர்ந்து செண்பகராஜைப் பார்த்தேன். அதற்குள் மழையக்கா என் விரலைப் பிடித்து, மேசையில் இருந்த தண்ணீர் டம்ளருக்குள் முக்கினார்.

"இப்ப வைங்க."

கருவி சிவப்பாக மினுக்கியது. மறுபடி மினுக்கியது. மூன்றாவது தடவை திரையில் ஒரு கட்டம் திறந்து, பாஸ்வேர்டு கேட்டது. அவர் என் பேரன் பெயரை அடித்தார். பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று. உள்ளே போய்விட்டது.

செண்பகராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

"மழையில நனைஞ்சு வந்தா கை ஈரமாத்தான் சார் இருக்கும்" என்றார் அவர். பிறகு, அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக, என்னைப் பார்த்துச் சிரித்தார். "திருத்திட்டுச் சொல்லுங்க."

அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டோம். இப்போது பாஸ்வேர்டு என்பதே கிடையாது. ஈரக் கையோடு வந்தால் துடைத்துவிட்டு வரும்வரை யாருக்கும் எதுவும் திறக்காது. போன் செய்து, "வந்து பாருங்கம்மா. பாத்துட்டு, பிடிச்சா உங்க எடத்துலயே உக்காருங்க. உங்க சரி இல்லாம ஒண்ணும் வெளிய போகாது" என்றேன்.

வரிசையில் யாருக்கோ ரசீது கொடுத்துவிட்டு அவர் பேசினார்.

"டம்ளர்ல முக்குதது ஒரு டெஸ்ட்டா சார்? நெசமா பெய்யட்டும். அன்னைக்கு நனைஞ்சுக்கிட்டே வாரேன்."

இது ஆனி மாதம். ஊரில் தார் உருகுகிறது. தினமும் சாயங்காலம் மாடி வாசலில் நின்று மேற்கே பார்க்கிறேன். நேற்று செண்பகராஜ் பின்னால் வந்து நின்றான்.

"என்ன சார், மானத்தையே பாக்குதீங்க? வெதைக்கவா போறீங்க? ஒங்களுக்கு ஒரு செண்டு நெலங்கூடக் கெடையாதே."

"பெய்யுமாலே?" என்று கேட்டேன்.